ஹிஜ்ரி 446இல் தோன்றிய நட்சத்திரம்

'அத்தாரிக்' அத்தியாயம் (86) குறிப்பிடுவது பல்சரைத்தான் என்று கூறி, "தட் தட்" ஒலியுடன் ஒரு வீடியோ நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? முதலில் பல்சரை அறிந்துகொள்வோம்.

பல்சர் என்றால் என்ன?

சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம் வெடித்துச் சிதறும்போது, அதன் மையம் சுருங்கி நியூட்ரான் நட்சத்திரமாகலாம். சூரியனைவிட அதிகமான எடை, ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் இடையிலான தூரமே உள்ள ஓர் உருண்டையில் அடங்கிவிடும். அப்படியொன்று, சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில், ரிஷப ராசியின் நண்டு நெபுலாவில் உள்ளது. அது வினாடிக்கு 30 முறை சுழல்கிறது. அதன் காந்தப்புலம் பூமியுடையதைவிடப் பல லட்சம் கோடி மடங்கு வலிமையானது.

எக்ஸ்ரே எப்படி வருகிறது?

காந்தம் இவ்வளவு வேகமாகச் சுழலும்போது பெரும் மின்புலம் உண்டாகிறது. அது எலக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்குத் தள்ளுகிறது. அவை காந்தப்புலத்தில் வளைந்து ஓடும்போது எக்ஸ்ரே வெளிப்படுகிறது. கலங்கரை விளக்கம் போல அந்த ஒளிக்கற்றை நம் பக்கம் திரும்பும் போதெல்லாம் ஒரு துடிப்பு பதிவாகிறது. இதற்கான ஆற்றல் சுழற்சியிலிருந்தே வருவதால், பல்சரின் வேகம் சிறிது சிறிதாகக் குறைகிறது.

எக்ஸ்ரே பூமியின் காற்று மண்டலத்தைத் தாண்டி வராது. எனவே திமிரியில் இருக்கும் நமக்கு அருகிலுள்ள ஜவ்வாது மலையின் காவலூர் தொலைநோக்கியாலும் அதைக் காண முடியாது, செயற்கைக்கோள் வேண்டும். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட், இந்தப் பல்சரின் எக்ஸ்ரே அலைகள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்பதை அளந்தது. துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் அத்திசை மாறாது என எதிர்பார்த்தார்கள். அங்கேயும் பெரிய மாற்றம் தெரிந்தது. 2017இல் வெளியான இம்முடிவு அறிஞர்களை வியக்க வைத்தது.

அன்று பார்த்தவர்கள்

இந்த நட்சத்திரம் வெடித்த ஒளி 1054இல் பூமியை அடைந்தது. சீனர்கள் அதைப் பகலிலும் கண்டு எழுதினர். பாக்தாதின் கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லான், ஹிஜ்ரி 446இல் மிதுனத்தில் புதிய நட்சத்திரம் தோன்றியதாகக் குறித்தார். அக்குறிப்பை இப்னு அபீ உஸைபிஆ தமது 'உயூனுல் அன்பா' நூலில் பாதுகாத்தார். அது இந்த வெடிப்பைத்தான் குறிக்கிறது என்ற ஆய்வு 1978இல் வெளிவந்தது.

அன்று பரவிய கொள்ளைநோய்க்கு நட்சத்திரமே காரணம் என்றும் இப்னு புத்லான் கருதினார். அந்தக் கருத்து நிற்கவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதிய குறிப்பு மட்டும் நின்றது. நபி (ஸல்) அவர்களும், தம் மகன் இப்ராஹீம் மறைந்த நாளின் கிரகணத்தை மரணத்தோடு இணைத்தவர்களைத் திருத்தினார்கள்.

வீடியோவில் கேட்பது விண்வெளியின் ஓசை அல்ல. ரேடியோ பதிவை ஒலியாக மாற்றியது. 'தாரிக்' என்பதற்குத் தட்டுபவர், இரவில் வருபவர் என்ற பொருள்கள் உண்டு. அது ஒரு குறிப்பிட்ட நட்சத்திரமா, பொதுவாக நட்சத்திரங்களா என்பதில் முற்கால விரிவுரையாளர்களே வேறுபட்டனர். பல்சர்தான் என்று நாம் அறுதியிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அல்லாஹ்வின் படைப்பை வியக்க, சரிபார்க்கப்பட்ட உண்மைகளே போதும்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.