இரண்டு வேதநாயகங்களும் நூலகப் பெயர்ப் பட்டியலும்

தஞ்சாவூர் என்றதும் பெரிய கோயிலும் தலையாட்டி பொம்மையும் நெல் வயலும்தான் நம் நினைவுக்கு வரும். படிக்கிற ஆசை உள்ளவர்களுக்கு அரண்மனை வளாகத்தில் இருக்கும் சரஸ்வதி மகால் நூலகமும் நினைவுக்கு வரும். நாயக்கர் காலத்தில் தொடங்கி, மராட்டிய மன்னர் சரபோஜியால் பெரிதாக வளர்ந்து, 1918-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட நூலகம் அது.

இதில் ஒரு சின்னக் கேள்வி. எந்தச் சரபோஜி? தஞ்சையை ஆண்ட சரபோஜிகள் இருவர். முதலாம் சரபோஜி ஆண்டது 1712 முதல் 1728 வரை. நூலகத்தை வளர்த்த இரண்டாம் சரபோஜி ஆண்டது 1798 முதல் 1832 வரை. வெறுமனே "சரபோஜி" என்று பட்டியலில் எழுதி வைத்தால் இருவரும் ஒருவராகி விடுவார்கள். ஆங்கிலத்தில் இந்தப் பெயரை ஒருவர் "செர்ஃபோஜி" என்றும் இன்னொருவர் "சரபோஜி" என்றும் எழுதினால் ஒருவரே இருவராகி விடுவார். இந்த இரண்டு குழப்பங்களையும் தீர்க்க நூலகர்கள் கண்டுபிடித்த வழியைப் பற்றித்தான் இக்கட்டுரை.

பெயருக்கு ஒரு பதிவு

நூலகங்களில் புத்தகங்களுக்குப் பட்டியல் இருப்பது நமக்குத் தெரியும். எழுதியவர்களுக்கும் தனியாக ஒரு பட்டியல் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு. அதில் நூலகம் ஏற்றுக்கொண்ட பெயர் வடிவம் ஒன்று இருக்கும். அவருக்கு வழங்கும் மற்றப் பெயர்கள், பிறந்த, இறந்த ஆண்டுகள், இவை எங்கிருந்து தெரிந்தன என்ற குறிப்பு ஆகியவையும் இருக்கும். இதை "அத்தாரிட்டி ரெக்கார்டு" என்பார்கள். நாம் எளிமையாகப் பெயர்ப் பதிவு என்று சொல்லிக் கொள்வோம்.

இதன் பயன் பெரியது. வாசகர் எந்தப் பெயரில் தேடினாலும் அந்த ஆசிரியரின் எல்லா நூல்களும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆபத்தும் அதே அளவுக்குப் பெரியது. புத்தகப் பட்டியலில் ஒரு வரி தவறினால் ஒரு புத்தகம்தான் தொலையும். பெயர்ப் பதிவில் தவறினால் ஒரு மனிதரே தொலைந்து போவார்.

இரண்டு வேதநாயகங்கள்

மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நம் காவிரிப் பகுதியிலிருந்தே ஓர் உதாரணம் பார்ப்போம்.

இரண்டாம் சரபோஜி சிறுவனாக இருந்தபோது ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்தார். அதே பாதிரியாரிடம் படித்த இன்னொருவர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்தவர். "பெத்லகேம் குறவஞ்சி" பாடியவர். சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவக் கவிஞர்.

இன்னொருவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889). திருச்சிக்கு அருகில் குளத்தூரில் பிறந்து மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். 1879-இல் வெளிவந்த, தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் "பிரதாப முதலியார் சரித்திரம்" இவர் எழுதியதுதான். "நீதி நூல்", "சர்வ சமய சமரசக் கீர்த்தனை" ஆகியவையும் இவருடையவை. இவர் கத்தோலிக்கர்.

இருவர் பெயரும் வேதநாயகம். இருவரும் கிறிஸ்தவர்கள். இருவரும் காவிரிக் கரைக்காரர்கள், இருவரும் பாட்டு எழுதியவர்கள். முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே காலத்தில் உயிரோடு இருந்தவர்கள்! பட்டம், சாதிப் பெயர் எதுவும் வேண்டாம் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு "சாஸ்திரியார்", "பிள்ளை" இரண்டையும் வெட்டிவிட்டால் மிஞ்சுவது "வேதநாயகம்" மட்டுமே. அப்போது 1864-இல் இறந்தவர் 1879-இல் நாவல் வெளியிட்டதாக ஆகிவிடும்.

மேல்நாட்டு முறைப்படி கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டாலும் தொல்லைதான். ஒருவர் "பிள்ளை" என்ற தலைப்பின் கீழ் ஆயிரம் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்து விடுவார். மற்றவர் "சாஸ்திரி" என்ற தலைப்பில் வடமொழிப் பண்டிதர்களோடு சேர்ந்து விடுவார். அவருக்குச் சாஸ்திரியார் என்பது சாதிப் பெயரே அல்ல, புலமைக்காக வந்த பட்டம்.

சீர்காழிக்காரர் சொன்ன வழி

இந்தச் சிக்கலுக்கு விதி எழுதியவரும் இதே மண்ணில் பிறந்தவர்தான். இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் 1892-இல், அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். கணிதம் கற்பித்துக் கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1934-இல் பட்டியல் தயாரிப்பதற்கான விதிகளைத் தனி நூலாக வெளியிட்டார்.

அவர் பெயரையே பாருங்கள். முதல் எழுத்து ஊர், அதாவது ஆங்கிலேயர் "ஷியாளி" என்று எழுதிய சீர்காழி. இரண்டாவது எழுத்து தந்தை இராமாமிர்தம். கடைசியில் இருப்பதுதான் அவருடைய சொந்தப் பெயர். குடும்பப் பெயர் என்று எதுவுமே இல்லை. நம் வீட்டுப் பத்திரங்களிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் இருக்கும் வழக்கம்தானே இது!

தென்னிந்தியப் பெயர்களுக்கு அவர் கூறிய வழி எளிமையானது. கடைசிச் சொல் சாதியையோ சமூகத்தையோ மட்டும் குறித்து, அதற்கு முந்தைய சொல் முழுமையாக இருந்தால், இரண்டையும் பிரிக்காமல், வரிசை மாற்றாமல் முன்னால் எழுத வேண்டும். அதன்படி "பிள்ளை, வேதநாயகம்" என்று திருப்பிப் போடாமல் "வேதநாயகம் பிள்ளை" என்றே தலைப்பு அமையும். சாஸ்திரியாரையும் இதே போல எழுதினால் இருவரும் அருகருகே, ஆனால் தனித்தனியே நிற்பார்கள். பெயர் வைத்தவர்களின் வழக்கத்தைப் பட்டியல் மதிக்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

அட்டையிலிருந்து கணினிக்கு

முன்பு அட்டைப் பெட்டியில் தவறு நடந்தால் அது அந்த நூலகத்தோடு முடிந்து போகும். இன்று அப்படியில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், ஜெர்மன் தேசிய நூலகம் போன்றவற்றின் பெயர்ப் பதிவுகளை ஒன்றாக இணைக்கும் வியாஃப் என்ற திட்டத்துக்கு 2003-இல் ஒப்பந்தம் ஆனது. 2012 முதல் அதை ஓ.சி.எல்.சி. என்ற நூலகக் கூட்டமைப்பு நடத்துகிறது. அதில் ஒரே ஆளின் பதிவுகள் எவை என்று பொருத்திப் பார்த்துச் சேர்ப்பது பெரும்பாலும் கணினி நிரல்தான்.

காங்கிரஸ் நூலக முறையில் தமிழ் எழுத்தை எழுத்துக்கு எழுத்தாக ரோமன் எழுத்தில் மாற்றுவார்கள். நாம் பேசும்போது கேட்கும் "த", "க" ஒலிகளின் மென்மைக்கு அங்கே இடமில்லை. ஆகவே வேதநாயகம் அங்கே "வேட்டநாயக்கம்" போலத்தான் கண்ணுக்குத் தெரியும்! வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுபவருக்கு அவர் அகப்பட வேண்டுமானால், மற்ற வடிவங்களும் பதிவில் இருந்தாக வேண்டும்.

2012-இல் தொடங்கிய விக்கித்தரவில் நானும் நீங்களும் கூடத் திருத்தலாம். இரண்டு பதிவுகளை ஒன்றாக்கச் சில சொடுக்குகள் போதும். ஒருமுறை ஒரே பெயருள்ள இரண்டு பதிவுகளைப் பார்த்து, ஒன்றாக்கி விடலாம் என்று பொத்தான் வரைக்கும் போய்விட்டேன். பிறந்த ஆண்டைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தேன். தவறாகச் சேர்த்தால் மறுபடி பிரிக்க முடியும்தான். ஆனால் அதற்குள் அங்கிருந்து எடுத்துச் சென்ற தளங்களில் தவறு அப்படியே தங்கிவிடலாம்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே திருத்தும் முன் நூலின் தலைப்புப் பக்கத்தைப் பார்ப்போம். ஆண்டுகளை ஒப்பிடுவோம். பழைய பெயர் வடிவத்தை அழிக்காமல் மாற்றுப் பெயராகச் சேர்த்து வைப்போம். மாயூரம் 1982-இல் மயிலாடுதுறை ஆனது, 2020-இல் தனி மாவட்டமும் ஆனது. அதற்காக "மாயூரம்" என்ற சொல்லை நீக்கிவிட்டால், பழைய நூலின் அட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்துத் தேடுகிறவர் எங்கே போவார்? சந்தேகம் இருந்தால் இரண்டு பதிவுகளையும் தனித்தனியே விட்டு வைப்பதே நல்லது. பிறகு சேர்ப்பது சுலபம், கலந்ததைப் பிரிப்பதுதான் கடினம்.

பெயரைச் சரியாக எழுதுவது வெறும் எழுத்து வேலை அல்ல நண்பர்களே. நூறு ஆண்டு கழித்து ஒரு மாணவன் "பெத்லகேம் குறவஞ்சி"யைத் தேடும்போது தஞ்சைக் கவிஞரிடமும், "பிரதாப முதலியார் சரித்திர"த்தைத் தேடும்போது மாயூரத்து முன்சீப்பிடமும் போய்ச் சேர வேண்டும். அந்த வழியைக் காட்டுவது நாம் இன்று திருத்தும் ஒரு வரிதான்.