ஊமைக் கரும்பு: ஒரு வீட்டுச் செடியின் கதை

வங்கி, ஜவுளிக்கடை, டாக்டரின் வரவேற்பறை... எங்கே போனாலும் ஒரு மூலையில் தொட்டியில் நிற்கும் செடி அது. அகன்ற பச்சை இலை, நடுவில் வெளிர்மஞ்சள் திட்டுகள். அதிக வெயில் வேண்டாம், அதிகக் கவனிப்பும் வேண்டாம். பெயர் டைஃபன்பாக்கியா. நாய் வளர்ப்பவர்கள் வீட்டுக்குள் வைக்கக் கூடாத செடிகளின் பட்டியலில் தவறாமல் இடம்பெறுவதும் இதுதான்!

இந்தச் செடி, சேம்பும் கருணைக்கிழங்கும் சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது. கருணைக்கிழங்கைப் புளி விடாமல் சமைத்தால் நாக்கு அரிக்கும் அல்லவா? காரணம், அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி வடிவப் படிகங்கள். டைஃபன்பாக்கியாவின் இலையிலும் தண்டிலும் இதே ஊசிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கடித்தவுடன் வாயிலும் நாக்கிலும் பாய்கின்றன. நாக்கு வீங்குகிறது. பேச்சு நின்றுவிடுகிறது.

இதன் தாயகமான வெப்ப மண்டல அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் இது பழைய செய்தி. அங்கே ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயர் 'டம்ப் கேன்', அதாவது ஊமைக் கரும்பு. 1687 முதல் 1689 வரை ஜமைக்காவில் இருந்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், சுவைப்பவரை ஊமையாக்கும் செடி என்ற பொருளிலேயே இதற்கு நீளமான லத்தீன் பெயர் வைத்தார். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளைத் தண்டிக்க இந்தத் தண்டை அவர்கள் வாயில் திணித்த கொடுமையையும் வரலாறு பதிவு செய்திருக்கிறது. எதிர்த்துப் பேசுபவனைப் பேசாமல் ஆக்க ஒரு செடி!

பிறகு அது ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது. 1829ல் வியன்னாவில் தாவரவியலாளர் ஹைன்ரிச் வில்ஹெல்ம் ஷாட், ஷான்ப்ரூன் அரண்மனைத் தோட்டத்தைக் கவனித்துவந்த ஜோசப் டைஃபன்பாக்கின் நினைவாக இதற்குப் புதுப் பெயர் சூட்டினார். பழைய பெயர் ஓர் எச்சரிக்கை. புதுப் பெயரோ ஒரு மரியாதை. கண்ணாடி வீடுகளில் இடம் கிடைத்தது, எச்சரிக்கை மட்டும் கடலுக்கு அப்பாலேயே நின்றுவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் இன்னும் மோசமான ஒரு திருப்பம். இச்செடியின் சாறு விலங்குகளை மலடாக்குவதாக ஜெர்மனியில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதைப் படித்த அடால்ஃப் போகோர்னி என்ற மருத்துவர், 1941 அக்டோபரில் நாஜித் தலைவர் ஹிம்லருக்குக் கடிதம் எழுதினார். சிறைப்பட்ட முப்பது லட்சம் சோவியத் கைதிகளை அவர்களுக்கே தெரியாமல் மலடாக்கி, வேலை மட்டும் வாங்கலாம் என்பது அவர் யோசனை. ஹிம்லரும் ஆர்வம் காட்டினார். நல்லவேளையாக, வெப்ப மண்டலச் செடியை ஜெர்மனியின் குளிரில் தேவையான அளவு வளர்க்க முடியவில்லை. திட்டம் கைகூடவில்லை. 1947ல் நியூரம்பெர்க் மருத்துவர்கள் வழக்கில் போகோர்னி விடுதலையானார். திட்டத்தைக் கெடுக்கத்தான் அப்படி எழுதியதாக அவர் சொன்னதை நீதிமன்றம் நம்பவில்லை. ஆனால் அவருடைய யோசனை செயலுக்கு வந்ததற்குச் சாட்சியம் இல்லை.

இத்தனை கதையையும் சுமந்த செடி, இன்று 'குறைந்த பராமரிப்பு' என்ற ஒரே தகுதியோடு விற்கப்படுகிறது. தொட்டியில் விலை எழுதியிருக்கும், விஷம் என்று எழுதியிருக்காது. மனிதன் அதைக் கடிப்பதில்லை. கடிப்பது தவழும் குழந்தையும், பல் முளைக்கும் நாய்க்குட்டியும்தான்.

கடித்த நாய்க்கு எச்சில் ஒழுகும், வாயை முன்னங்காலால் தேய்க்கும், வாந்தி எடுக்கும், சாப்பிட மறுக்கும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தொண்டை வீங்கினால் மூச்சு அடைக்கலாம். வாயைத் தண்ணீரால் கழுவிவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். வலுக்கட்டாயமாக வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, ஊசிகள் தொண்டையை மறுபடியும் குத்தும்.

செடியைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. எட்டாத உயரத்தில் வைத்தால் போதும். அடிமைக்காவது என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்திருந்தது. நாய்க்கு அதுவும் தெரியாது, பிறகு சொல்லவும் வாயில்லை. அதற்காகத் தெரிந்து வைத்திருக்க வேண்டியது வளர்ப்பவர்தான்.