மாதொருபாகன் (புதினம்)

மாதொருபாகன் என்பது பெருமாள்முருகன் எழுதிய தமிழ்ப் புதினம் ஆகும். 2010 ஆம் ஆண்டில் காலச்சுவடு பதிப்பகம் இதனை வெளியிட்டது. குழந்தைப்பேற்றுக்காக ஏங்கும் ஓர் உழவர் இணையரின் வாழ்வை இப்புதினம் கூறுகிறது. கதை ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் திருச்செங்கோட்டு வட்டாரத்தில் நிகழ்கிறது.

பெயர்க் காரணம்

மாதொருபாகன் என்பது உடலின் ஒரு பாதியைப் பெண்ணுக்குத் தந்த சிவபெருமானைக் குறிக்கும். திருச்செங்கோட்டு மலையில் இவ்வடிவில் இறைவன் அர்த்தநாரீசுவரராக வழிபடப்படுகிறார்.

கதைச் சுருக்கம்

காளியும் பொன்னாவும் மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தும் குழந்தை இல்லாதவர்கள். ஒருவர் மீது ஒருவர் மிகுந்த அன்பு கொண்டவர்கள். எனினும் ஊராரின் ஏளனம் அவர்களை விடுவதில்லை. நற்காரியங்களில் பொன்னா ஒதுக்கப்படுகிறாள். காளியை மறுமணம் செய்துகொள்ளுமாறு பலரும் வற்புறுத்துகின்றனர், அவன் உடன்படவில்லை. வேண்டுதல்களும் பரிகாரங்களும் பயனளிக்கவில்லை.

வைகாசித் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாளில் மலைத் தெய்வங்கள் கோயிலுக்குத் திரும்புகின்றன. அன்றிரவு ஆண்கள் அனைவரும் 'சாமி' எனக் கருதப்படுவதாகவும், பிள்ளையில்லாப் பெண்கள் விரும்பியவருடன் கூடலாம் எனவும், பிறக்கும் குழந்தை சாமி கொடுத்த பிள்ளை எனவும் புதினம் சித்திரிக்கிறது. காளி இதனை ஏற்க மறுக்கிறான். பொன்னாவின் தமையன் முத்து, காளி இசைந்துவிட்டதாகக் கூறி அவளை அங்கு அழைத்துச் செல்கிறான். உண்மை அறிந்த காளி பூவரச மரத்தடியில் மனமுடைந்து நிற்பதுடன் கதை முடிகிறது. அவனுடைய முடிவு வாசகரிடமே விடப்படுகிறது.

தொடர்ச்சிப் புதினங்கள்

இந்த முடிவிலிருந்து 2014 இல் ஆலவாயன், அர்த்தநாரி ஆகிய இரு புதினங்கள் வெளிவந்தன. ஒன்றில் காளி இறந்துவிடுகிறான். பொன்னா தாய் வல்லாயி, மாமியார் சீராயி ஆகியோரின் துணையுடன் வாழ்வை மீண்டும் தொடங்குகிறாள். மற்றொன்றில் காளி உயிர் பிழைக்கிறான். ஆனால் மனைவியிடம் பேசாமலேயே அவளைத் தண்டிக்கிறான்.

எதிர்ப்பும் தீர்ப்பும்

2014 திசம்பரில் திருச்செங்கோட்டில் சில அமைப்புகளும் சாதிக் குழுக்களும் இப்புதினத்தை எதிர்த்தன. நூலின் படிகள் எரிக்கப்பட்டன, கடையடைப்பும் நடைபெற்றது. 2015 சனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட நிருவாகம் நடத்திய பேச்சில், மன்னிப்புக் கோரி நூலைத் திரும்பப் பெறுவதாக ஆசிரியர் கையொப்பமிட்டார். பின்னர், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார்.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் உள்ளிட்டோர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். 2016 சூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிசன் கவுல், நீதிபதி புட்பா சத்தியநாராயணா ஆகியோர் அடங்கிய அமர்வு, அந்த உடன்பாடு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது எனத் தீர்ப்பளித்தது. நூலுக்குத் தடை கோரிய மனு தள்ளுபடியானது. எழுத்தாளர் உயிர்த்தெழுந்து மீண்டும் எழுத வேண்டும் என நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. அவ்வாண்டே 'கோழையின் பாடல்கள்' என்ற கவிதைத் தொகுப்பும் 'பூனாச்சி' என்ற புதினமும் வெளிவந்தன.

மொழிபெயர்ப்பு

அனிருத்தன் வாசுதேவன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013 இல் பெங்குயின் வெளியீடாக வந்தது. இது 2018 இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதில், மொழிபெயர்ப்பு இலக்கியப் பிரிவின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது.