ஆத்துமாவுக்கு எந்தச் சுடுகாடு?

ஆன்மிகம் என்றாலே நம் தோழர்களில் பலருக்கு எரிச்சல் வருகிறது. நியாயந்தான். எல்லா ஆத்துமாவும் ஒன்று என்று சொன்ன அதே வாய்தான் சேரிக்காரன் நிழல் பட்டால் தீட்டு என்றும் சொன்னது. செத்தவன் ஆத்துமா சாந்தியடையட்டும் என்பான். பொணத்தை மட்டும் ஊர்த்தெரு வழியாத் தூக்கிட்டுப் போக விடமாட்டான். எங்க பக்கத்துல ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு. அப்போ அந்த ஒரே ஆத்துமா எந்தச் சுடுகாட்டுல இருந்து கிளம்புது?

இந்தக் கேள்விக்குப் பழைய பதில் நந்தன் கதையில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் அவரை 63 நாயன்மாரில் ஒருவராக வைக்கிறது. கோயில் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் அவர். தோல் உள்ளே போகலாம், நரம்பு உள்ளே போகலாம், அதை உரித்துப் பதப்படுத்திக் கொடுத்த கை போகக்கூடாது. தில்லையில் தீ மூட்டி, அதில் இறங்கி, பூணூல் மார்போடு எழுந்த பிறகுதான் வாசல் திறந்தது. பக்தி பழுத்த ஆத்துமாவுக்கே இந்தக் கதி. ஆன்ம முன்னேற்றம் என்று இவர்கள் சொன்னதன் கடைசிப்படி, நம்ம உடம்பு இல்லாமல் போவதுதான். (அயோத்திதாசப் பண்டிதரோ இந்த நந்தனைப் பௌத்த அரசனாக எழுதினார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

பண்டிதரை நாம் வரலாற்று ஆய்வாளராக, பத்திரிகைக்காரராகப் பேசுகிறோம். அவர் ஆத்துமாவோடு மல்லுக்கட்டிய மனுஷன் என்பதைப் பேசுவதில்லை. 1845இல் பிறந்த சித்த வைத்தியர். 1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபை நடத்தியவர். அத்வைதத்தை எதிர்த்துக் கிளம்பியவர் அல்ல, அதை நம்பியவர். ஜீவனும் பிரம்மமும் ஒன்று என்றால் சாதி எங்கே நிற்கும் என்று எண்ணித்தான் அங்கே போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

1892இல் சென்னையில் மகாஜன சபைக் கூட்டம். சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்களை ஏன் விடுவதில்லை என்று எழுந்து கேட்டார். உங்க குலத்துக்கு மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணன் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்ல என்ற பொருளில் பதில் வந்தது. பின்னால் அவரே இதை எழுதியிருக்கிறார். அப்படியானால் உங்க சாமியே எங்களுக்கு வேணாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் சனங்களுக்கு நிலமும் கேட்டார். அத்வைதம் அந்தக் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை.

ஆறு வருசம் கழித்து, 1898இல், கர்னல் ஆல்காட் துணையோடு கொழும்பு போய் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். சென்னைக்குத் திரும்பி சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. பறையர்கள் பூர்வ பௌத்தர்கள் என்பது அவர் வாதம். அவருடைய சொல்லாராய்ச்சி எல்லாத்தையும் நான் ஏத்துக்கல. ஆனால் அவர் போய்ச் சேர்ந்த இடம் முக்கியமானது. பௌத்தத்தில் மாறாத, அழியாத ஆத்துமா கிடையாது. போன பிறவியில் பாவம் பண்ணினே, இப்போ சேரியில் பொறந்தே என்கிற கணக்கைச் சுமந்துவர ஒரு ஆத்துமா வேண்டும். அது இல்லையென்றால் கணக்குப் புத்தகமே கிழிஞ்சுபோச்சு. மிச்சம் இருப்பது இந்த உடம்பு, இந்த நடத்தை. பொய், களவு, கொலை, காமக்கேடு, குடி விட்டானா? வளர்ச்சி என்றால் அதுதான். அதற்குத் தீயில் இறங்க வேண்டியதில்லை.

கோலார் தங்கவயலில் மாரிக்குப்பத்துச் சுரங்கத் தொழிலாளிகள் சங்கக் கிளை வைத்தார்கள். பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் பார்ப்பனர் இல்லாமல் பௌத்த முறையில் நடத்தினார்கள். பூமிக்கடியில் பாறை உடைத்துவிட்டு மேலே வந்து தம்மம் படித்த சனங்க. எந்த மடத்துச் சாமியாரையும்விட அவர்கள்மேல் எனக்கு மரியாதை அதிகம். பண்டிதர் 1914இல் மறைந்தார். அவர் எழுத்துகள் ஞான அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வரும்வரை, பெரும்பாலான நம்மவர்களுக்கே அவர் வெறும் பெயர்.

அம்பேத்கரும் இந்த இடத்துக்கே வந்தார். 1956 அக்டோபர் 14, நாகபுரி. பண்டிதரின் சென்னைச் சங்கத்தோடு தொடர்புள்ள லட்சுமி நரசுவின் பௌத்த நூலுக்கு 1948இல் முன்னுரை எழுதியவர் அவர். 1957இல், அவர் மறைந்த பிறகு வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் அறிமுகத்திலேயே, ஆத்துமா இல்லையென்றால் கர்மமும் மறுபிறவியும் எப்படி என்று கேள்வி வைக்கிறார். முற்பிறவி வினை இப்பிறவி நிலையைத் தீர்மானிக்கும் என்பதைப் புத்தர் தலையில் கட்ட மறுத்தார். நாகபுரியில் அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் சிரார்த்தம் செய்வதில்லை, பிண்டம் வைப்பதில்லை என்பதும் ஒன்று.

இதைச் சேரிக் கூட்டங்களில் பேசும்போது இளைஞர்கள் கை தட்டுகிறார்கள். பெரியம்மாக்கள் தட்டுவதில்லை. "எங்க ஊட்டு ஆளு உசுரோட இருந்தப்ப வயிறாரத் தின்னதில்ல. செத்த பொறவாவது ஒரு வா சோறு வக்கிறேன், அதையும் நிறுத்தச் சொல்றியா சாமி?" என்று கேட்கிறார்கள். பிண்டத்தில் பார்ப்பனியம் இருக்கிறது என்று என்னால் விளக்க முடிகிறது. அந்தச் சோற்றில் என்ன இருக்கிறது என்பதை நாம் இன்னும் எழுதவில்லை.