ஏட்டில் அழிந்த ஊரும் செவியில் நின்ற ஒலியும்

1801ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இரண்டாம் முறையாக வீழ்ந்தது. வென்ற கும்பினியார் மண்சுவர்களை இடித்து நிரவினர்; அவ்விடத்தை உழுது ஆமணக்கு விதைக்கவும், ஊரின் பெயரையே பதிவேடுகளினின்று நீக்கவும் ஆணையிட்டனர். ஏட்டை அழித்தோரால் மக்களின் நாவை அடக்க இயலவில்லை. கதைப்பாடலாகவும் கூத்தாகவும் அவ்வூர் வாழ்ந்தது. பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலை 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நாம் இன்று காணும் நினைவுக் கோட்டையோ 1974இல்தான் எழுந்தது. கல்லுக்கு முன்னே நின்றது பாட்டு.

அவ்விரண்டாம் போரை நடத்திய ஊமைத்துரை பேச்சுத் திறன் அற்றவர். அவரை எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், 1830இல் வெளிவந்த தம் நினைவு நூலில் ஒரு காட்சியை எழுதிவைத்துள்ளார். ஊமைத்துரை சில வைக்கோல் துணுக்குகளை இடக்கையில் பரப்பி, இவைதாம் வெள்ளையர் படை என்று காட்டுவாராம்; பின்பு வாயால் 'விர்'ரென்று ஓர் ஒலி எழுப்பி, மறுகையால் அவற்றைத் துடைத்தெறிவாராம். அதுவே தாக்குதலுக்கு ஆணை. சொல் இல்லை, ஒலி மட்டுமே. பகைவன் எழுதியதாயினும் இதனைப் போற்றவே வேண்டும்.

அக்கோட்டைக்காகப் போரிட்டோருள் சுந்தரலிங்கமும் பகடை வீரர்களும் இருந்தனர் என்பதை நமக்குக் கையளித்ததும் வாய்மொழி வழக்கே. சுந்தரலிங்கம் கும்பினியாரின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்து உயிர்நீத்தார் என்று இன்றும் நம் ஊர்களில் பேசப்படுகின்றது. 1997இல் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பையும் கலவரத்தையும் பலர் நேரில் அறிவர். முடிவில் எல்லாத் தலைவர்களின் பெயர்களும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் நீக்கப்பட்டன. ஏட்டினின்று பெயரை நீக்கும் வழக்கம் கும்பினியோடு ஒழிந்துவிடவில்லை போலும்!

நிற்க. பறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக எண்ணுகிறது. நம் நெய்தற் கரைக்கு உரையாசிரியர்கள் சொல்வது மீன்கோட்பறை. அத்துணைச் சிறப்புடைய கருவியை இழிவின் அடையாளமாக்கியவர் யார்? அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தில் 1931இல் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மீது பதினொரு தடைகளை விதித்தனர். தம் மணவிழாவில் இசைக்கருவி முழக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. பிறர் வீட்டு இழவுக்குக் கட்டாயமாக அடிக்க வேண்டும். தன் வீட்டு மகிழ்ச்சிக்கு அடிக்கக் கூடாது. ஆகவே, நம் முன்னோர் பலர் பறையைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். அவர்கள் செய்தது சரியே. துறந்தது கட்டாய ஊழியத்தை, கலையை அன்று.

இவ்வேறுபாட்டைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழு தெளிவாகக் காட்டியுள்ளது. சகோதரி சந்திராவின் முயற்சியால் அங்கு ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் இளம்பெண்கள் பறை பயின்று அரங்கேறினர். ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட கருவி அது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பறைப் பயிற்சியில் அடிகளை முதலில் வாயாற் சொல்லிப் பழகுவர். பின்னரே கைக்கு வரும். தோலைத் தீயிற் காய்ச்சி விறைப்பேற்றுவதும், சிண்டுக்குச்சிக்கும் அடிக்குச்சிக்கும் உள்ள வேறுபாட்டைச் செவியால் உணர்வதும் பாடத்தின் பகுதிகளே.

வெள்ளிவிழாக் காணும் நம் கழகம் இத்தகைய பயிலரங்கை இங்கும் தொடங்க வேண்டும் என்பது எம் விருப்பம். பறையோடு நின்றுவிடலாகாது. தூத்துக்குடிக் கடலில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நிகழவில்லை; படகுகளுக்கு எந்திரம் வந்தபின் துடுப்போடு பாடிய அம்பாப் பாட்டும் அருகிவிட்டது. நாற்று நடவுக் குலவையும் ஒப்பாரியும் வில்லுப்பாட்டும் முதியோரிடம் எஞ்சியுள்ளன. இளைஞர் கையிலுள்ள தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவியாக இருக்கும் காலம் இது. ஒலியை மட்டும் பதிந்தால் போதாது. எந்த அடி எந்நிகழ்ச்சிக்கு உரியது, அதற்குப் பெயரிட்டவர் யார், எந்த அடிக்குக் கூலி கிடைத்தது, எந்த அடிக்குக் கூலியே இல்லை என்பவற்றையும் பெரியோரிடம் கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிவு செய்தல் வேண்டும்.