சைக்கிள் மிதிச்சா யாருக்கு லாபம்?

ஞாயிற்றுக்கிழமை காலை நாலு மணிக்கு எழுந்திருக்கும் ஆள் இல்லை நான். பெங்களூரில் பொட்டி தட்டிப் பிழைக்க வந்த எவனும் எழுந்திருக்க மாட்டான். ஆனாலும் மூணு மாசமாக எழுந்திருக்கிறேன். ஹெப்பாளில் கூடி, தேவனஹள்ளி தாண்டி நந்தி மலைக்கு மிதிக்கிறோம். உச்சி 1478 மீட்டர். முதல் தடவை பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன். தலை நரைத்த ஒருவர் மணி அடித்தபடி என்னைத் தாண்டிப் போனார் :-)

எதுக்கு இந்த வேண்டாத வேலை? ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து மைசூர், பந்திப்பூர், மசினகுடி வழியாக ஊட்டிக்கு மிதிக்கப் போகிறோம். தெரிந்தவர்கள் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் தருவார்கள். அது கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போகும். 2008 டிசம்பரில் முதல் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' பெங்களூரிலிருந்து கிளம்பியது. அதிலிருந்து இந்த ஊர் சைக்கிள்காரர்களுக்குக் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகள்தான் பரீட்சை.

புதுக்கோட்டையில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன்.

"ஏய்யா, அந்தக் காச நேரா குடுத்துட்டா ஆகாதா? நீ எதுக்கு மிதிக்கணும்?"

பதில் தெரியவில்லை. சரி, இந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

நெடுந்தூர மிதிப்பு தர்மத்துக்காகப் பிறந்ததில்லை மக்களே. 1891-ல் நடந்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயம் சுமார் 1200 கி.மீ. அதை நடத்தியது ஒரு செய்தித்தாள். ஜெயித்த சார்ல் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில் திரும்பி வந்தார். நல்ல காரியத்துக்கு மிதிப்பது ரொம்பப் பிந்தி வந்த பழக்கம். லண்டன்–பிரைட்டன் பயணம் 1980-லிருந்து பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனுக்கு நிதி திரட்டியது. 1994-ல் கலிபோர்னியாவில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக சான்பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ஏழு நாள் மிதித்தார்கள். வாயால் சொல்லவே கூச்சப்பட்ட நோய் அது. மிதிப்பவர் தெரிந்தவரிடமெல்லாம் போய்க் காசு கேட்டாக வேண்டும். கேட்கும்போது நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும். அத்தை கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே கிடைத்தது.

மறுபாதி கொஞ்சம் கசப்பு. வசூலில் நடத்தும் செலவே நிறையப் போகிறது என்று அந்தப் பயணங்கள் மேல் விமர்சனம் எழுந்தது. நடத்திய கம்பெனி 2002-ல் மூடப்பட்டது.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அத்தை சைக்கிள் கத்துக்கிட்ட காலம். அப்போது புதுக்கோட்டை கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார்கள். பஸ்ஸுக்கும் ஆம்பளைத் துணைக்கும் காத்திருந்தால் உள்கிராமத்துக்கு எப்படிப் போய்ப் பாடம் எடுப்பது என்பதுதான் கணக்கு. வாங்குவதற்கு வங்கிக் கடனும் ஏற்பாடு செய்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை, ஆம்பளை சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலி இல்லாமலா? அத்தை மாமாவின் சைக்கிளில் முட்டி தேய்ந்து கற்றதைத் தெருவே வேடிக்கை பார்த்ததாம். ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். 1992 மகளிர் தினத்தன்று 1500 பேருக்கு மேல் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு நகரத்தைச் சுற்றி வந்தார்கள்.

அந்த ஊர்வலம் நாலு பேர் கண்ணில் படுவதற்காக நடந்தது. கையில் இருந்த சைக்கிள் அவர்களுடையது. மறுநாள் அதிலேயே தண்ணீர்க் குடம், விறகு, பள்ளிக்கூடம் எல்லாம்.

பின்னால் அரசாங்கங்களும் இதைப் பிடித்துக்கொண்டன. தமிழ்நாட்டில் 2001-02-ல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் தொடங்கியது. பீகாரிலும் கர்நாடகத்திலும் 2006-ல் வந்தது. பீகாரில் ஆராய்ந்து பார்த்தவர்கள், மாணவிகளின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை 32 சதவீதம் கூடியது என்றார்கள். பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

இதையெல்லாம் நண்பர்களிடம் சொன்னேன். ரெண்டு முடிவு எடுத்தோம். ரூம், சாப்பாடு, கூட வரும் வேன் எல்லாம் எங்கள் கைக்காசு. வசூலில் ஒரு ரூபாய்கூடத் தொடமாட்டோம். அந்தப் பணத்தில் தூரத்துப் பள்ளிக்கு நடந்து போகும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள்.

மறுபடி போன் போட்டேன். "நான் மிதிச்சாத்தான் அத்தே நாலு பேரு ஏன்னு கேக்குறான், கேட்டாத்தான் குடுக்குறான்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அப்பச் சரி. கேரியர் வச்ச சைக்கிளா பாத்து வாங்கிக் குடு. ஒன்னோடதுல ஒரு பையி வைக்கக்கூட இடமில்ல" என்றார்.

பத்து கிலோ விலை அதிகம் கொடுத்து எடை குறைந்த சைக்கிள் வாங்கியவனுக்கு இது தேவைதான்! சரி, நாளைக்கு நாலு மணிக்கு எழுந்திருக்கணும். ஊட்டி போய்ச் சேர்ந்தால் மிச்சக் கதை சொல்றேன்.