அமுக்கி விடும் கைகள் – ஒரு சின்ன வரலாறு

"பி.காம். படிக்கிறவனுக்கு மசாஜ் பத்தி என்னடா தெரியும்?" என்று நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் என் அப்பத்தா. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். மாத்திரைக்கு நேரம் உண்டு, சாப்பாட்டுக்கு நேரம் உண்டு. ஆனால் துடைத்து விடவும் சேலை மாற்றவும் தவிர அவரை யாரும் தொட்டுப் பல நாளாகிவிட்டது. எனக்கே அது ஒரு நாள்தான் உறைத்தது. சும்மா பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம் கழித்து எழுந்தபோது, "இன்னுங் கொஞ்ச நேரம் பிடிப்பா" என்றார். அன்றைக்குத் தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

சரி, 1894ஆம் வருட லண்டனுக்குப் போவோம். அப்போது அங்கே மசாஜ் என்றாலே முகம் சுளிப்பார்கள். மசாஜ் என்ற பெயரில் விபசார விடுதிகள் நடப்பதாக அந்த ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுதியது. ரோசலிண்ட் பேஜெட் உள்ளிட்ட நான்கு பெண்கள் (செவிலியர்களும் மருத்துவச்சிகளும்) தங்கள் தொழிலின் மானத்தைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களின் சங்கம். தேர்வு வைத்தார்கள், கடுமையான நடத்தை விதிகள் போட்டார்கள். 1900ல் சங்கத்தைச் சட்டப்படி பதிவும் செய்தார்கள். (காமர்ஸ் மாணவனுக்கு இந்த இடத்தில் ஒரு தனி சந்தோஷம்!)

1920ல் அரச சாசனம் கிடைத்தது. பெயரில் அப்போதும் 'மசாஜ்' இருந்தது. 1944ல் 'பிசியோதெரபி' சங்கம் என்று மாற்றினார்கள். 'மசாஜ்' காணாமல் போனது. உடற்பயிற்சி, மின்சாரக் கருவிகள் என்று தொழில் விரிந்துகொண்டிருந்த காலம் அது.

இதே காலத்தில் முதியோர் மருத்துவத்திலும் ஒரு நல்ல மாற்றம் நடந்தது. 1935ல் லண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற மருத்துவர், ஏழைகள் விடுதியிலிருந்து வந்த 714 நோயாளிகளுக்குப் பொறுப்பேற்றார். பலர் வருடக்கணக்கில் படுக்கையிலேயே விடப்பட்டிருந்தார்கள். அவர் ஒவ்வொருவரையும் பரிசோதித்து, பயிற்சி கொடுத்து, பலரை எழுந்து நடக்க வைத்தார். எழுந்திருக்கவே முடியாதவர்களுக்கு மிஞ்சியது செவிலியரின் கைதான்.

அந்தக் கைக்கு ஒரு வழக்கம் இருந்தது. இரவு தூங்குமுன் நோயாளியின் முதுகை ஸ்பிரிட்டோ பவுடரோ போட்டுத் தேய்த்து விடுவார்கள். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மேலைநாட்டு மருத்துவமனைகளில் இது அன்றாட வேலை. படுக்கைப் புண் வராது என்று நம்பினார்கள். பிறகுதான் அது தவறு என்று தெரிந்தது. சிவந்துபோன தோலைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் திசு இன்னும் சேதமாகும். வேலைப்பளுவும் கூடியது. மெல்ல மெல்ல முதுகு தேய்ப்பது நின்றுபோனது.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்று, புண்ணைத் தடுக்கும் என்ற தப்புக் கணக்கு. இன்னொன்று, ஒரு மனுஷி தினமும் பத்து நிமிடம் தன் பக்கத்தில் இருக்கிறாள் என்ற சரியான கணக்கு. முதல் பதிவை அடிக்கும்போது கணக்கையே மூடிவிட்டார்கள்.

அதை மறுபடி திறந்தவர்களில் ஒருவர் அமெரிக்க மசாஜ் கலைஞர் டான் நெல்சன். முதியவர்களையும் மரணப்படுக்கையில் இருப்பவர்களையும் பரிவோடு தொடுவது பற்றி 1994ல் புத்தகம் எழுதினார். லண்டன் சங்கம் தொடங்கிச் சரியாக நூறு வருடம்!

இதனால் பலன் உண்டா? டிமென்ஷியா உள்ளவர்களின் பதற்றத்தைக் கை மசாஜ் கொஞ்ச நேரத்துக்குத் தணிக்கலாம் என்று 2006ல் காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது. ஆனால் அதற்குக் கிடைத்தவை இரண்டே சிறு ஆய்வுகள். ஆகவே பெரிதாக அளக்க வேண்டாம். மெல்லிய வருடலை மட்டும் ரசிக்கும் நரம்புகள் நம் தோலில் இருப்பதைச் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகம்தான் அவற்றுக்குப் பிடிக்குமாம். அவசரக் கைக்கு அவை மசியாது.

செய்ய நினைப்பவர்களுக்கு: முதலில் "தொடட்டுமா?" என்று கேளுங்கள். கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வயதானவர்களின் தோல் மெல்லியது, அழுத்தாமல் தடவினாலே போதும். சிவந்த இடம், புண், எலும்பு முறிந்த இடம் பக்கம் போகாதீர்கள். கால் வீங்கிச் சூடாக இருந்தால் தொடவே வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம்.

அப்பத்தாவுக்கு இடுப்பு சரியாகவில்லை. அதற்கு நான் வைத்தியனும் இல்லை. தினமும் ராத்திரி பத்து நிமிடம், கையும் பாதமும் மட்டும். எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று தெரியவில்லை. வரவு எனக்குத்தான் என்று தோன்றுகிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு அப்பத்தா இருந்தால், இதை மூடிவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.